லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கு ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், 'லயம்' எனப்பட்ட வரிசை வீடுகளையொட்டிக் கீரை, முருங்கை, வாழை பயிரிட்டும், மாடு வளர்த்துப் பால் விற்றும், குறைந்த கூலியின் பற்றாக்குறையை மண்ணைக்கொண்டே ஈடுசெய்தன. 1950களில் ஐரோப்பிய உடைமையாளர்கள் விற்ற தோட்டங்கள் சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்ட 'தோட்டத் துண்டாடல்' இவ்வாழ்வை உலுக்கியபோது, அப்போதைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க வழிசெய்தார்.

ஆயினும் அம்முயற்சி எல்லாத் தோட்டங்களையும் எட்டவில்லை. 1990களில் புத்ராஜெயா நிருவாகத் தலைநகருக்காகப் பிராங் பெசார் முதலிய நான்கு தோட்டங்கள் எடுக்கப்பட்டபோது, அங்கு வாழ்ந்த குடும்பங்கள் டெங்கில் அருகே தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. பின்னர் அக்கட்டடங்களின் சுவர்களில் விரிசல்கள் தோன்றின. விரிசலைவிடப் பெரிய இழப்பு வேறொன்று: கீரைப் பாத்தியையும் மாட்டுக் கொட்டகையையும் மாடிக்குக் கொண்டுசெல்ல இயலாமற்போனதால், மண் தந்த உணவையும் வருவாயையும் அக்குடும்பங்கள் ஒருசேர இழந்தன. குடும்பத்துக்கு ஊட்டிய நிலத்தைக் கணக்கில் கொள்ளாமல், வீட்டுக்கு மாற்றாக வீடு மட்டும் தருவது நியாயமான மறுகுடியேற்றம் ஆகாது.