ஆரணி மாளிகைகளும் சுண்ணாம்புக் காரையும்

பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர் ஆரணி. திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் உள்ள இவ்வூரின் தறி ஓசையைக் கேட்டவர் பலர். ஊரை அடுத்த சத்தியவிஜயநகரத்திலும், காட்டோரத்துப் பூசிமலைக்குப்பத்திலும் உள்ள பழைய மாளிகைகளைக் கண்டவர் சிலரே. தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தும் உறுதியாக நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சிறப்புற்றிருந்த இம்மாளிகைகளோ அதற்குள் பெரிதும் சிதைந்துவிட்டன. காரணம் என்ன?

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். 17ஆம் நூற்றாண்டில் சிவாஜியின் தந்தை சாஹ்ஜி, பீஜப்பூர் சுல்தானின் தளபதியாகத் தென்னாட்டுக்கு வந்தார். அவருக்குத் துணை நின்ற வேதாஜி பாஸ்கர் பந்த் என்ற மராட்டியர் ஆரணியை ஜாகிராகப் பெற்றார். செய்த பணிக்கு ஈடாக ஒரு பகுதியின் நிலவரியை அனுபவிக்கும் உரிமையே ஜாகிர். 1677இல் சிவாஜி இப்பகுதிக்குப் படையெடுத்து வந்தபோதும் அவ்வுரிமை நீடித்தது.

அந்நாளில் ஆரணிக்குத் தேவைப்பட்டது கோட்டைதான். 1751 டிசம்பர் 3ஆம் நாள் கிளைவின் படை ராஜா சாகிப்பின் படையை இங்கே வென்றது. 1782 ஜூன் 2ஆம் நாள் அயர் கூட்டின் படையும் ஹைதர் அலியின் படையும் இவ்வூருக்கு அருகே மோதின. 1790இல் இங்கு இறந்த கர்னல் ராபர்ட் கெல்லியின் நினைவுத் தூண் கோட்டைப் பகுதியில் உள்ளது.

போர்கள் ஓய்ந்து ஆங்கிலேயர் ஆட்சி நிலைத்தபின் ஜாகிர்தாருக்கு மதிலும் அகழியும் வேண்டியிருக்கவில்லை. எனவே காற்றோட்டமான, மேனாட்டுச் சாயல் கொண்ட மாளிகைகள் எழுந்தன. சத்தியவிஜயநகரம் என்ற பெயர், அங்கே பிருந்தாவனம் கொண்டுள்ள சத்தியவிஜய தீர்த்தர் என்ற மத்வ மடாதிபதியால் வந்தது. பூசிமலைக்குப்பம் மாளிகை ஓர் ஐரோப்பியப் பெண்ணுக்காகக் கட்டப்பட்டது என்பது ஊரார் சொல்லும் கதை.

இனி நம் கேள்விக்கு வருவோம். பெரிய கோயில் கருங்கல்லால் ஆனது. இம்மாளிகைகளோ செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டவை. செங்கல் அமுக்கு விசையை நன்கு தாங்கும், இழுவிசையைத் தாங்காது. வாயிலின் மேல் செங்கல்லை வளைவாக அடுக்கினால் மேற்சுவரின் எடை இருபுறமும் பிரிந்து, அமுக்கு விசையாகவே தூண்களில் இறங்கும். இரும்பு இல்லாமலேயே அகன்ற வாயில்கள் அமைந்த இரகசியம் இதுவே.

செங்கற்களை இணைப்பது சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதை நீர்விட்டு நீற்றி, மணல் சேர்த்து அரைத்துச் சுவரில் பூசுவார்கள். கடுக்காய் நீரும் வெல்ல நீரும் கலப்பது நம் கொத்தர்களின் வழக்கம். பூசிய காரை, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. கல்லிலிருந்து வந்த சுண்ணாம்பு சுவரில் மறுபடியும் கல்லாகிறது எனலாம்.

இக்காரைக்கு நுண்துளைகள் உண்டு. மழையில் ஏறிய ஈரம் அவற்றின் வழியே வெயிலில் ஆவியாகிவிடும். ஆனால் ஆண்டுதோறும் விரிசலை அடைத்து, வெள்ளையடித்து, மாடித்தளத்தைச் சரிபார்க்க வேண்டும். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு இட்ட மாடித்தளம் அக்காலத்தில் இப்பகுதியில் வழக்கமானது. அதில் நீர் கசிந்தால் மரம் உளுக்கும், தளம் இறங்கும். பறவை எச்சத்தில் விழுந்த அரச விதை ஒன்று விரிசலில் முளைத்தால், அதன் வேர் தடித்துச் சுவரையே பிளக்கும்.

இந்தப் பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது? உழவர் செலுத்திய நிலவரியிலிருந்துதான். 1948ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் அந்த இடைத்தரகு உரிமைகளுக்கு முடிவு கட்டியது. உழவர்களுக்கு அது நீதி. ஆனால் அந்த வருவாயையே நம்பியிருந்த மாளிகைகளைப் பேண அதன்பின் வழியில்லாமல் போயிற்று. கருங்கல் கோயில் சில தலைமுறைகளின் புறக்கணிப்பைப் பொறுத்துக்கொள்ளும்; சுண்ணாம்பு மாளிகை சில மழைக்காலங்களைக்கூடப் பொறுக்காது.

பழைய சுவரைச் சிமென்ட் பூசிக் காப்பாற்றலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது கெடுதலாகவே முடியும். சிமென்ட் ஈரத்தை எளிதில் வெளியே விடாது. உள்ளே தங்கிய நீர் உப்புகளைக் கரைக்கும். உலரும்போது அவ்வுப்புகள் படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து. அதை அரைக்கவும் பூசவும் தெரிந்த கொத்தர்கள் அருகி வருகிறார்கள் என்பதே இன்றைய கவலை.

உங்கள் ஊரிலும் ஒரு பழைய சத்திரமோ பள்ளிக்கூடமோ சுண்ணாம்புச் சுவர்களுடன் இருக்கக்கூடும். அதன் மாடி விளிம்பை அடுத்த மழைக்கு முன் அண்ணாந்து பாருங்கள். அரசங்கன்று ஏதும் தென்பட்டால் உரியவர்களிடம் உடனே சொல்லுங்கள். கன்றாக இருக்கும்போது அதை அகற்றுவது எளிது.