இல்லாதோர்க்கு எழுந்த இல்லம்

ஒரு நகரின் பெருமையை அதன் வணிகத்தைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். ஆயினும், அந்நகரில் உழைத்துத் தேய்ந்து, நோயுற்று வீழ்ந்தவனுக்குக் கூரையும் கவளச் சோறும் கிட்டினவா என்பதே வரலாறு பயில்வோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியாகும். சிங்கப்பூரின் ஏழையர் மருத்துவமனை எழுந்த கதை அதற்கு விடை தருகிறது.

1819இல் ஆங்கிலேயர் இங்கு வணிகத்தளம் அமைத்தபின், சீனர் பலர் பிழைப்பை நாடி வந்திறங்கினர். சுற்றமின்றித் தனித்து வந்தோரே அவருள் மிகுதி. உடலில் வலுவுள்ளவரை கூலி கிடைத்தது. வலுவிழந்தபின் தெருவோரமே புகலிடமாயிற்று. பன்றி இறைச்சி விற்பனையின்மீது விதித்த வரியைக் கொண்டே அரசாங்கம் ஏழை நோயாளிகளைப் பேணி வந்தது. 1837இல் அவ்வரி நீக்கப்பட்டது. வரியோடு ஏழையரின் ஆதரவும் நீங்கிற்று.

அந்நிலையில் முன்வந்தவர் டான் டோக் செங். 1798இல் மலாக்காவில் பிறந்த அவர், சிங்கப்பூருக்கு வந்து காய்கறி, கனி, கோழி ஆகியவற்றை விற்று வாழ்வைத் தொடங்கியவர். பின்னர் நிலம் வாங்கி விற்கும் தொழிலில் பெருஞ்செல்வரானார். அநாதைப் பிணங்களை அடக்கம் செய்யும் செலவையும் அவர் ஏற்று வந்தார். இறந்தோர்க்குக் குழி தந்தவர், இருப்போர்க்கு இல்லம் தரவும் துணிந்தார். எந்நாட்டு நோயாளிக்கும் இடமளிக்கும் மருத்துவமனைக்கென 7,000 ஸ்பானிய டாலர் வழங்கினார். 1844இல் பேர்ல்ஸ் குன்றில் அடிக்கல் நாட்டப்பெற்றது.

எனினும், நோயாளிகள் அங்குக் குடிபுகுந்தது 1849இல்தான். மறு ஆண்டே கொடையாளர் காலமானார். தாம் நட்ட மரத்தின் நிழலை அவர் நெடுநாள் காணவில்லை.

கட்டடம் ஒருமுறை எழுப்பினால் நிற்கும். அரிசியும் மருந்தும் பணியாளர் கூலியுமோ நாள்தோறும் வேண்டுவன. அச்சுமையைத் தாங்கப் பிறர் வந்தனர். மைந்தர் டான் கிம் சிங் பொருளுதவினார். துணைவியார் பெண் நோயாளிகளுக்கெனத் தனிப்பகுதி அமைய வழிசெய்தார். அராபிய வணிகக் குடும்பத்தவரான சையத் அலி அல்ஜூனிட் நிலம் வழங்கினார். ஒரு சீனர் தொடங்கிய அறத்திற்கு ஓர் இசுலாமியர் நிலம் ஈந்தமை, மாணவர் மனத்தில் பதியத்தக்க செய்தியன்றோ?

குன்று படைத்துறைக்குத் தேவைப்பட்டதால், 1860ஆம் ஆண்டளவில் மருத்துவமனை இடம் பெயர்ந்தது. தமிழர் நன்கறிந்த சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் கூடும் சதுப்பு நிலமே அதன் புதிய இடம். நோயாளிக்கு உகந்த இடமன்று அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோலாலம்பூரின் ஈயச் சுரங்கச் செல்வர் லோக் இயூ, வேறு நிலம் வாங்க 50,000 டாலர் அளித்தார். 1909இல் மோல்மீன் சாலையில் புதிய மனை திறக்கப்பெற்றது. 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது, அந்நோயாளிகளை ஏற்றுப் பேணும் பொறுப்பும் அம்மருத்துவமனையையே சார்ந்தது.

இன்றும் அது டான் டோக் செங்கின் பெயரையே தாங்கி நிற்கிறது. அப்பெயர் பொருத்தமானதே. ஆயினும், வாயிலில் ஒரு பெயரைப் படிக்கும் மாணவன், அதனுள் அடங்கிய பல பெயர்களையும் அறிதல் வேண்டும். அறத்தைத் தொடங்க ஒருவர் போதும். அது தலைமுறை கடந்து நிலைக்க, இனமும் சமயமும் பாராது அடுத்தடுத்துக் கைகொடுப்போர் வேண்டும். இதனைக் கற்பிப்பதே ஆசிரியர் கடன்.