கருவில் வந்த கேடு யார் செய்த வினை?

குழந்தை செத்துப் பிறந்தாலும், ஊனத்தோடு பிறந்தாலும், நம்மவர் உடனே கூறும் காரணங்கள் மூன்று: பூர்வஜென்ம வினை, கண்ணேறு, கிரகணத்தின்போது தாய் வெளியே நடமாடிய குற்றம். எதைக் கூறினும் பழி முடிவில் தாயின் தலைமீதே விழும். இவற்றுள் ஒன்றுக்கேனும் சான்று உண்டா? சிலாங்கூர்த் தோட்டங்களின் சரித்திரத்தைப் பார்ப்போமாயின், வினை வேறிடத்திலிருந்து வந்தமை விளங்கும்.

தாயின் கருப்பை எதுவும் புகாத கோட்டை என்றே வைத்தியர்களும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1941-இல் சிட்னி நகரத்துக் கண் வைத்தியர் நார்மன் கிரெக், கருவுற்ற தொடக்கத்தில் ஜெர்மன் அம்மை கண்ட தாய்மாரின் குழந்தைகள் பிறவிக் கண்புரையோடு பிறந்ததை எடுத்துக் காட்டினார். 1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் மருந்தால், அது 1961-இல் நிறுத்தப்படுவதற்குள், பல நாடுகளிலும் பல்லாயிரம் குழந்தைகள் கைகால் குறைவோடு பிறந்தன. தாய் உண்ட உணவின் சத்தைக் கொண்டுசெல்லும் கொடியே, அவள் உடம்பில் ஏறிய நஞ்சையும் கொண்டுசெல்கிறது. மூன்றாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை சிசுவின் உறுப்புகள் உருவாகின்றன. அக்காலத்தில் தான் கர்ப்பவதி என்பதையே அறியாத பெண்கள் அநேகர்.

நம் தோட்டங்களில் கருவைத் தாக்கிய முதற்பகை மலேரியா. அந்நோய்க் கிருமி கர்ப்பவதியின் நஞ்சுக்கொடியிலே திரண்டு தங்குகிறது. உதிரம் வற்றித் தாய் சோகை அடைவாள். சிசுவுக்குச் செல்லும் ஊட்டம் குறையும். கரு சிதையும், அல்லது எடை குறைந்த குழந்தை பிறக்கும். தமிழ்நாட்டினின்று புதிதாகக் கப்பலேறி வந்து தலைச்சூல் கொண்ட பெண்ணுக்கே ஆபத்து மிகுதி.

1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1901-இல் கிள்ளானில் மாவட்ட வைத்தியராயிருந்த மால்கம் வாட்சன், அவ்வுண்மையைக் கைக்கொண்டு சதுப்பை வடித்து, காட்டை வெட்டி, நோயைக் குறைத்தார். கோலசிலாங்கூர் போன்ற கடலோரச் சமநிலங்களில், நிழல்படிந்த காட்டுநீரில் வளரும் கொசுவுக்கு இம்முறை ஏற்றது. ஆனால் செரண்டா, பத்தாங்காலி போன்ற மலையடிவாரங்களின் இயல்பு வேறு. மாகுலேட்டஸ் என்னும் கொசு வெயில் விழும் தெளிந்த ஓடைகளில் முட்டையிடுவது. ரப்பர் நடக் காட்டை அழித்தவுடன் ஓடைகளில் வெயில் விழுந்தது, கொசு பெருகியது, லயங்களில் காய்ச்சல் பரவியது. ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய்வழி செலுத்துவதும், எண்ணெய் தெளிப்பதும் அதற்குப் பரிகாரமென்று வாட்சன் கண்டார். பணம் செலவிட்டுப் பரிகாரம் செய்த இடங்களில் நோய் தணிந்தது. விதியாயின் குழாய்க்கும் எண்ணெய்க்கும் பணிந்திருக்குமா?

இரண்டாவது பகை கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. கூலியும் மானமும் கருதி அவர் கேட்டதற்கு, வைத்திய சாஸ்திரம் பின்னர் மற்றொரு நியாயமும் தந்தது. தாய் குடிக்கும் மது சிசுவின் மூளையையும் முகத்தையும் வளர்ச்சியையும் கெடுக்கும் என்பதை 1973-இல் அமெரிக்க வைத்தியர்கள் ஒரு நோயாகவே பெயரிட்டு வகுத்தனர். கர்ப்பவதிக்குக் கள் குளிர்ச்சி தரும், பலம் தரும் என்போர் இதை அறிதல் வேண்டும்.

மூன்றாவது பகை மருந்தடிப்பு. வெளிக்காட்டு வேலையில் களைக்கொல்லித் தோம்பை முதுகில் சுமந்தவர்களுள் பெண்களே மிகுதி. அவர்கள் படும் துன்பத்தை 2002-இல் தெனகானித்தா அமைப்பு ஆராய்ந்து வெளியிட்டது. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லிக்கு அவ்வாண்டே தடை அறிவிக்கப்பட்டது. 2006-இல் அத்தடை தளர்ந்தது. 2020 ஜனவரி முதல் நாளன்றுதான் முழுத்தடை வந்தது. இடையில் சென்ற ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? கேரளத்துக் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் வானிலிருந்து தெளிக்கப்பட்டு, பிறவிக் குறைகள் பற்றிய முறையீடு எழுந்தபோது, இந்திய உச்ச நீதிமன்றம் 2011-இல் அம்மருந்தைத் தடுத்தது. 2017-இல் பாதிக்கப்பட்டோர்க்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. நீதிமன்றம் பூர்வஜென்மத்தை விசாரிக்கவில்லை என்பதைக் கவனிக்க.

நம் நாட்டில் பேறுகால விடுப்பு 2023 முதல் 98 நாளாக உயர்ந்திருப்பது நன்றே. ஆயினும் அவ்விடுப்பு கர்ப்பத்தின் கடைசியில் வருவது. பெருங்கேடு நேர்வதோ தொடக்கத்தில். ஆதலின் நாம் கேட்கவேண்டியவை இவை: மருந்தின் பெயரும் தீமையும் தொழிலாளிக்கு அவர் தாய்மொழியிலேயே அறிவிக்கப்படல் வேண்டும். கருவுற்றிருப்பதாக ஐயம் தோன்றிய அன்றே, கூலி குறையாமல், பெண்ணுக்கு வேறு வேலை தரப்படல் வேண்டும். வீட்டில் ஆண்மக்களும் மருந்து பட்ட உடையை அவள் கையால் துவைக்கவிடாதிருத்தல் வேண்டும்.

கிரகணத்தன்று கர்ப்பவதியை அறையில் பூட்டிவைக்கும் நாம், மறுநாட் காலையில் அவளை நஞ்சுத் தோம்போடு காட்டுக்கு அனுப்புவது எவ்வகை அறிவு?