திருத்திக்க ஒரு வாய்ப்பு, யாருக்கு?

1/ ஆத்தூர் பக்கம் இருந்து ஓபிக்கு வந்த ஒரு கர்ப்பிணி. "தனியார் சென்டர்ல ஸ்கேன் எடுத்தேன் டாக்டர். ரெண்டே நாள்ல ஒரு கம்பெனியில இருந்து போன், தொப்புள்கொடி ரத்தம் சேமிக்கிறீங்களான்னு. என் மாமியாருக்கே இன்னும் சொல்லல. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

2/ இப்படித் தகவலைக் கசியவிட்ட நிறுவனம் மாட்டினா உடனே அபராதமா, இல்ல "திருத்திக்கோ"ன்னு ஒரு வாய்ப்பா? இந்தக் கேள்விக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு.

3/ அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2020ல் தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள்ள சரிபண்ணிட்டா நடவடிக்கை இல்ல. சட்டம் புதுசு, அதனால நியாயமாத்தான் பட்டது.

4/ செஃபோராங்கிற அழகுசாதன நிறுவனம் அந்த 30 நாளையும் கோட்டை விட்டது. 2022 ஆகஸ்டில் 12 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கிட்டது. வாடிக்கையாளர் கர்ப்பகால வைட்டமினை கூடையில போட்டாக்கூட வெளி நிறுவனங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு சொன்னார் மாநில அட்டர்னி ஜெனரல். நம்ம ஆத்தூர் கதையேதான்!

5/ 2020 நவம்பரிலேயே அங்க மக்கள் வாக்கெடுப்பு நடந்து சட்டம் மாறிடுச்சு. 2023 ஜனவரி 1 முதல் அந்த 30 நாள் உரிமை கிடையாது.

6/ இங்க? 2017 ஆகஸ்ட் 24, புட்டசாமி வழக்கு. தனியுரிமை அடிப்படை உரிமைன்னு 9 நீதிபதிகளும் ஒருமனதா சொன்னாங்க. அதுக்கு 6 வருஷம் கழிச்சு, 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில். முழு அமலுக்கு அப்போதிருந்து 18 மாசம் அவகாசம் கொடுத்தாங்க.

7/ அபராதம் 250 கோடி ரூபாய் வரை. ஆனா 32வது பிரிவைப் படிங்க. "இனி இப்படிச் செய்றோம்"னு நிறுவனம் தானா உறுதிமொழி கொடுத்து, வாரியம் ஏத்துக்கிட்டா, அந்த விஷயத்துல நடவடிக்கை கிடையாது. வாக்கை மீறினாத்தான் வழக்கு.

8/ அபராதம் விதிச்சாலும் பணம் அரசு கஜானாவுக்குத்தான். கவனக்குறைவால பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர, ஐடி சட்டத்துல 2008ல் சேர்த்த 43ஏ பிரிவு இருக்கு. புதுச் சட்டம் முழுசா வரும்போது அதுவும் நீக்கப்படும்.

9/ வாய்ப்பு கொடுக்கிறதுக்கு நான் எதிரி இல்ல. பாதுகாப்பு ஓட்டை இருக்கு, தகவல் இன்னும் போகலைன்னா, அடைக்க அவகாசம் கொடுங்க. ஆனா பாஸ்வேர்டை மாத்தலாம், எச்ஐவி ரிப்போர்ட்டை மாத்த முடியுமா? திருடு போன பிறகு திண்டுக்கல் பூட்டே வாங்கி மாட்டினாலும், போன பொருள் வராது.

10/ உறுதிமொழியை ஏத்துக்கிறதுக்கு முன்னாடி, பாதிக்கப்பட்டவருக்கு என்ன செஞ்சீங்கன்னு வாரியம் கேக்கணும். அந்தப் பொண்ணு என்கிட்ட கேட்டதுக்கு நான் பதில் சொல்ல முடியல. கசியவிட்டவங்க சொல்லணும்.