மிஷன் பள்ளிகளில் ஆங்கிலமும் ஆசிரியரும்

நம் நாட்டில் ஆங்கிலக் கல்வியின் வரலாற்றைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் 1835ஆம் ஆண்டின் மெக்காலே குறிப்பிலிருந்தே தொடங்குகின்றனர். ஆங்கிலம் வந்தது நன்மையா தீமையா, அது திருச்சபையை மக்களிடமிருந்து பிரித்ததா, ஒடுக்கப்பட்டோருக்கு வாயில் திறந்ததா என்னும் வினாக்கள் பலமுறை விவாதிக்கப்பட்டுள்ளன. அவ்விவாதத்தில் நுழைவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வீட்டிலும் தெருவிலும் கேட்டறியாத ஒரு மொழியைப் பள்ளியில் முதன்முதலாகச் சந்தித்த பிள்ளைக்கு அதன் எதிரே நின்ற ஆசிரியர் எவ்வாறு துணை செய்தார், அந்த ஆசிரியருக்கு யார் துணை செய்தனர் என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் வினா. இறையியல் கல்லூரியை விட்டுச் செல்லும் மாணவருள் பலர் சில ஆண்டுகளிலேயே சேகரப் பள்ளிகளின் தாளாளர் பொறுப்பை ஏற்கவேண்டியவர்கள். நியமனங்களும் கட்டட நிதியும் தாளாளரின் மேசைக்கு வருகின்றன. இந்த வினா மட்டும் வருவதில்லை.

வரலாற்றைத் தரங்கம்பாடியிலிருந்து தொடங்குவது பொருந்தும். அங்கு மொழி கற்கவேண்டியிருந்தவர் தமிழ்ப் பிள்ளை அல்லர், மிஷனெரியே. 1706ஆம் ஆண்டு கரையிறங்கிய சீகன்பால்கு, வயது முதிர்ந்த பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பிள்ளைகளுடன் தம் இல்லத்திற்கே வரவழைத்து, அப்பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகினார். இக்காட்சியை நாம் பிரசங்கங்களில் அவருடைய தாழ்மைக்குச் சான்றாகக் கூறுவதுண்டு. ஆயினும் அதன் அடுத்த பகுதி அவ்வளவாகக் கூறப்படுவதில்லை. அந்த ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. ஆகவே எழுத்துக்கள் வசமாயின. சொற்களின் பொருள் விளங்கவில்லை. போர்த்துக்கீசியம் முதலிய ஐரோப்பிய மொழிகளை அறிந்திருந்த அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளர் வந்து சேர்ந்த பின்னரே சீகன்பால்கு தமிழுக்குள் விரைந்து நுழைந்தார். கற்பவனின் மொழி, கற்கவேண்டிய மொழி ஆகிய இரண்டிலும் கால் ஊன்றி நிற்கும் ஒருவரின் துணை எத்தகையது என்பதைத் தமிழ்நாட்டின் முதல் புராட்டஸ்டண்ட் மிஷனெரி தம் சொந்த அனுபவத்தில் கண்டார் எனலாம்.

அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நிலைமை தலைகீழாயிற்று. 1785ஆம் ஆண்டு முதல் சுவார்ட்ஸ் ஐயர், தஞ்சையில் கம்பெனியின் ரெசிடெண்டாயிருந்த ஜான் சலிவனுடன் சேர்ந்து தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகளுக்கு வழி செய்தார். அரசவைகளுக்கும் கம்பெனிக்கும் இடையே மொழிபெயர்ப்பாளரின் தயவில்லாமல் பேச்சு நடைபெறவேண்டும் என்பதே அவற்றின் முதன்மை நோக்கம். சென்னை எழும்பூரில் 1789 முதல் அனாதை ஆண்பிள்ளைகளின் விடுதியை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றபோது, அவரிடமிருந்த ஆசிரியர்கள் அதற்கு உடன்படவில்லை. எனவே ஒரு சிறுவனைக் கொண்டே இளைய பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தார். 1797இல் அவர் நூலாக வெளியிட்ட இம்முறை, ‘மதராஸ் முறை’ என்னும் பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவிற்று. நம்மூர்ச் சட்டாம்பிள்ளை கடல் கடந்து சென்ற கதை இது. ஆனால் ஆங்கிலம் கற்கும் தமிழ்ப் பிள்ளையின் சிக்கலுக்கு அது விடையாகவில்லை. எழுத்தைச் சட்டாம்பிள்ளை கற்பிக்கலாம், பொருளைக் கற்பிக்க வேறொருவர் வேண்டும்.

அச்சிக்கலை முழுமையாக எதிர்கொண்ட நிறுவனம் வட்டுக்கோட்டை செமினரி என்பது என் கருத்து. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனெரிமார் முதலில் கிராமங்களில் தமிழ்ப் பள்ளிகளையும், பின் உறைவிடப் பள்ளிகளையும் நிறுவினர். 1823இல் டானியல் பூவரைத் தலைவராகக் கொண்டு வட்டுக்கோட்டையில் உயர்கல்வி தொடங்கிற்று. பிள்ளை தமிழில் வாசிக்கவும் எழுதவும் கற்று, உறைவிடப் பள்ளியில் ஆங்கிலத்தின் தொடக்கத்தைப் பெற்ற பின்னரே செமினரியின் வாசலுக்கு வந்தான். அங்கும் ஆங்கிலத்தோடு தமிழ் இலக்கண இலக்கியம் தொடர்ந்தது; கணிதம், வானியல் ஆகியன பயின்றவன் பஞ்சாங்கக் கணிதத்தையும் அறிந்தான். பூவர் தமிழில் சொற்பொழிவாற்ற வல்லவர். அவருக்குப்பின் தலைமை ஏற்ற ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அதாவது ஆங்கிலம் கற்பித்தவர்கள், தாங்களும் வேற்றுமொழி ஒன்றைக் கற்பதன் வலியை அறிந்திருந்தவர்கள். வாக்கியத்தின் இறுதிவரை வினைச்சொல்லுக்காகக் காத்திருந்து தடுமாறிய ஒருவருக்கு, வினைச்சொல்லை இடையில் வைக்கத் தடுமாறும் மாணவன் மூடனாகத் தோன்றமாட்டான்.

இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. செமினரியில் பயின்ற தமிழரே பின் அங்கு உதவி ஆசிரியராயினர். மாணவனுக்கு எந்த இடத்தில் கால் இடறும் என்பதை அவர்கள் நூலில் படித்து அறியவேண்டியதில்லை. தாங்கள் இடறிய இடமே அது. கருவி நூல்களும் இச்சூழலிலிருந்தே பிறந்தன. யாழ்ப்பாண அகராதி எனவும் மானிப்பாய் அகராதி எனவும் வழங்கும் தமிழ் அகராதி 1842இல் வெளிவந்தது. 67,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கிலப் பேரகராதி 1862இல் சென்னையில் அச்சேறிற்று. இவ்வகராதிகளை நாம் புலமைச் சாதனைகளாக மதிக்கிறோம். இரு மொழிகளுக்கிடையே நாள்தோறும் நடமாடிய வகுப்பறைகள் இல்லாமல் அவை தோன்றியிருக்குமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

விளைவு என்ன? 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையில் கற்றவர்கள். கலித்தொகையை 1887இல் பதிப்பித்த தாமோதரம்பிள்ளையை ஆங்கிலம் தமிழிலிருந்து அகற்றிவிடவில்லை. அருகிலிருந்த வெஸ்லியன் மிஷன் பள்ளியிலும் இதையொத்த நிலை இருந்தது. அங்கு பயின்ற ஆறுமுக நாவலர் அங்கேயே கீழ்வகுப்புகளுக்கு ஆங்கிலமும் மேல்வகுப்புகளுக்குத் தமிழும் கற்பித்தார். நம் வாசகர் அவரை மிஷனெரிமாரின் எதிர்வாதியாகவே நினைவுகூர்வர். ஆயினும் தொடக்க நிலை மாணவனுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பொறுப்பு, தமிழை நன்கறிந்த ஒருவரிடம் விடப்பட்டிருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். இன்று பல பள்ளிகளில் அதற்கு மாறானதே முறை: தேர்ந்தவர் மேல்வகுப்புக்கு, எவரேனும் ஒருவர் கீழ்வகுப்புக்கு.

1855இல் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளரான ரூபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்வையிட்டதன் விளைவு அது. ஆங்கிலம் கற்றவன் அரசு உத்தியோகத்திற்குச் செல்கிறான், கிராமச் சபைக்குத் திரும்புவதில்லை. தமக்குத் தாமே நிற்கும் உள்நாட்டுத் திருச்சபைக்குத் தாய்மொழியில் பயின்ற போதகரே தேவை என்பது அவருடைய வாதம். மதுரை மிஷனிலும் ஆங்கிலக் கல்வி சுருக்கப்பட்டது. ஆண்டர்சன் கூறியதில் பாதி உண்மை. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் பின்னர் ஆங்கிலத்தை விட்டுத் தமிழிலேயே கற்பிக்க முனைந்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கியதும் இக்கவலையோடு உடன்பட்டதே. ஆயினும் ஆண்டர்சனின் விசாரணை, ஆங்கிலம் கற்றவன் எங்கே போனான் என்று கேட்டதேயன்றி, அவனுக்கு இரு மொழிகளையும் சேர்த்துக் கற்பித்த ஆசிரியர் கூட்டம் கலைந்தால் மீண்டும் கூட்ட முடியுமா என்று கேட்கவில்லை. பெற்றோரின் விருப்பம் செமினரியோடு மூடப்படவில்லை. அம்மக்களின் கோரிக்கையாலேயே 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றிற்று.

இதற்கிடையே 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை, ஆங்கிலம் அறியாதோருக்குத் தாய்மொழி வழியாகவே கல்வி அளிக்கவேண்டும் என்றும், ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகள் வேண்டும் என்றும் கூறிற்று. சென்னை அரசின் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி 1856இல் தோன்றியது. பிற்காலச் சைதாப்பேட்டைக் கல்லூரி அதன் வழிவந்ததே. கொள்கை நல்லதாயினும், பின்வந்த ‘முடிவுக்கேற்ற மானியம்’ என்னும் முறை ஆசிரியரின் முதுகை ஒடித்தது. இன்ஸ்பெக்டர் முன்னிலையில் தேறிய பிள்ளைகளின் கணக்கைப் பார்த்தே மானியம். ஆகவே பொருள் அறியாமலே பாடத்தை ஒப்பிக்கச் செய்வதே ஆசிரியருக்குப் பிழைப்பாயிற்று. மிஷன் பள்ளிகளும் மானியத்தை நம்பியவையே. மனப்பாடத்தைத் தமிழ்ப் பிள்ளையின் இயல்பென்று பழித்துரைப்போர், அதற்கு அரசு கொடுத்த விலையை மறந்துவிடுகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வினாவை நேராக நோக்கியவர்களுள் ஒருவர் வங்காளத்தில் கல்வி அதிகாரியாகப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட். 1926இல் அவர் வெளியிட்ட இருமொழியம் பற்றிய ஆய்வில் ஒரு கருத்து இடம்பெறுகிறது. காப்புறுதிப் பத்திரத்தை இடையில் ஒப்படைத்தாலும் ஒரு தொகை கிடைப்பதுபோல, படிப்பை இடையில் விட்டுவிடும் பிள்ளைக்கும் கற்ற அளவில் ஒரு பயன் மிஞ்சவேண்டும் என்றார் அவர். பேச்சும் இலக்கணமும் பாதியில் நின்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது. எளிய நூலை வாசிக்கும் திறன் எந்நிலையிலும் மிஞ்சும். எனவே அளவான சொற்களைக் கொண்ட படிமுறை வாசகங்களை எழுதினார். வாசிப்பே முதன்மை என்னும் அவர் முடிவு எல்லா இடத்திற்கும் பொருந்தாது என்பது என் எண்ணம். ஆனால் இடையில் நின்றுவிடும் பிள்ளையை அளவுகோலாக வைத்துப் பாடத்திட்டத்தை நோக்கிய அக்கண்ணோட்டம் நம் கிராமச் சேகரங்களுக்கு மிகவும் நெருக்கமானது.

1959இல் சென்னை மாநிலத்தில் தொடங்கிய பெருமுயற்சியும் இங்கு நினைக்கத்தக்கது. தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பித்த ஏறத்தாழ 27,000 ஆசிரியருக்கு மறுபயிற்சி அளிக்கப் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையுடன் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. சிலர் பயிற்சி பெற்று, அவர்கள் வேறு பலருக்குப் பயிற்சி அளித்து, அவர்கள் இன்னும் பலருக்கு அளிப்பது. பனியுருண்டை உருளுந்தோறும் பெருப்பதுபோலப் பெருகும் என்று கருதி அதற்கு அப்பெயரே வழங்கிற்று. வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தி, பொருளைக் காட்டி, வாய்மொழியாகப் பயிற்றுவதே அதன் முறை. இத்தனை ஆயிரம் எளிய ஆசிரியர் ஒரே காலத்தில் கருதப்பட்டது அதற்குமுன் நம் மாநிலத்தில் நிகழாத ஒன்று. அதற்குரிய பாராட்டை மறுப்பதற்கில்லை. ஆனால் பனி உருளும்போது பெருப்பது போலவே, கைமாறும்போது கரையவும் செய்யும். முதல் வட்டத்தார் கற்ற காரணங்கள் கடைசி வட்டத்தாரை எட்டும்போது வெறும் கட்டளைகளாக மாறிவிடும். ‘இது மேசை’ என்னும் வாக்கியத்தை ஆங்கிலத்தில் இருபது முறை கூறச் செய், தமிழ் பேசாதே. ஏன் என்று ஆசிரியர் கேட்டால் விடை கூற அருகில் எவருமில்லை.

இக்குறையை நன்குணர்ந்தவர் சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர்த் திட்டம் என்னும் பெயரில் தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் அவர் நடத்திய சோதனை, அமைப்புகளை ஒப்பிப்பதற்கு மாறாக, வரைபடம், கால அட்டவணை போன்றவற்றைக் கொண்டு மாணவர் சிந்தித்துத் தீர்க்கும் வேலைகளை வகுப்பில் வைத்தது. பின்னர் 1990இல் எழுதிய கட்டுரை ஒன்றில், சிறந்த முறை என ஒன்றில்லை. தான் செய்வது ஏன் பயன்தரும் என்று ஆசிரியருக்கே உள்ளத்தில் ஒரு தெளிவு இருப்பதே வகுப்பை உயிர்ப்பிக்கிறது என்னும் கருத்தை முன்வைத்தார். வட்டுக்கோட்டையின் தமிழ் ஆசிரியருக்கு இருந்ததும், பனியுருண்டையின் கடைசி வட்டத்தாருக்குக் கிட்டாததும் இத்தெளிவே என்று நான் கருதுகிறேன்.

இது எவ்வளவு எளிய காரியங்களில் வெளிப்படும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ‘பெரிய’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் ‘பிக்’ என ஒரே உருவம் பெறும். ப, க என்னும் எழுத்துக்கள் வல்லோசையையும் அதன் மெல்லிய இணையையும் தம்முள் அடக்கியிருப்பதே காரணம். தமிழ் எழுத்தின் இவ்வியல்பை அறிந்த ஆசிரியர் இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடுவார். அறியாதவர் பிள்ளைக்குக் காது மந்தம் என்பார். ‘எனக்குப் பசிக்கிறது’ என்று கூறிப் பழகியவன் ஆங்கிலத்தில் ‘நான்’ என்று தொடங்க மறப்பதும் அத்தகையதே. அங்கே தமிழில் ஒரு வாக்கியம் கூறினால் போதும்.

2012-13ஆம் கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. நம் சேகரப் பள்ளிகள் பலவும் அதற்கு முன்னரே பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டன. மாணவர் எண்ணிக்கை குறையுமோ என்னும் அச்சம் தாளாளருக்கு இருப்பது இயல்பு. ஆனால் தமிழ்வழியில் கற்று, தமிழ்வழியில் கற்பித்துவந்த ஓர் ஆசிரியையிடம் ஜூன் மாதத்தில் அறிவியல் நூலை ஆங்கிலத்தில் கொடுத்து நடத்தச் சொல்லுகையில், மே மாதத்தில் அவருக்கு என்ன செய்தோம்? தமிழில் பேசிய பிள்ளையிடம் அபராதம் வாங்கும் பள்ளிகளும் உண்டு. ஆசிரியை தம் வாயிலுள்ள சிறந்த கருவியை ஒளித்துவைத்துக் கற்பிக்கவேண்டியதாகிறது. திங்களுக்கொரு பிற்பகலில் அருகிலுள்ள மூன்று நான்கு பள்ளிகளின் ஆசிரியர் கூடித் தங்கள் வகுப்பில் பிள்ளைகள் இடறும் இடங்களைப் பேசிக்கொள்ள இடமும் நேரமும் தருவது தாளாளரின் அதிகாரத்திற்குட்பட்டதே. அதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை.

ஆய்வுக்குப் பொருள் தேடும் மாணவர்க்கு ஒரு குறிப்பு. சுவார்ட்ஸ், பூவர், ஆண்டர்சன் ஆகியோரைப்பற்றி நூல்கள் உள்ளன. அவர்களுடைய பள்ளிகளில் கீழ்வகுப்புக்கு ஆங்கிலம் கற்பித்த தமிழ் ஆசிரியரைப்பற்றி நம்மிடம் உள்ளது மிகக் குறைவு. பழைய சேகரங்களின் பீரோக்களில் சம்பளப் பதிவேடுகளும் இன்ஸ்பெக்டரின் பார்வைக் குறிப்புகளும் ஒருவேளை இன்னும் எஞ்சியிருக்கலாம். அவ்வாசிரியரின் பெயர்களைத் தேட அவையே முதல் இடம்.