பிரான்ஸில் ஹிஜாப் போட்டால் குற்றமா? எங்கே போடலாம், எங்கே கூடாது? முழு விளக்கம்!

"பிரான்ஸில் 18 வயசு வரைக்கும் ஹிஜாப் போடக் கூடாதாம்!" இப்படி ஒரு போஸ்ட் உங்க கண்ணிலும் பட்டிருக்கலாம். இது உண்மையா? பார்க்கலாம் வாங்க.

2021-ல் நடந்தது என்ன?

2021 மார்ச் 30. பிரான்ஸ் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட், ஒரு மசோதாவில் புதிய திருத்தத்தைச் சேர்த்தது. 18 வயதுக்கு உட்பட்டவர்கள், மத அடையாளம் வெளிப்படையாகத் தெரியும் உடையைப் பொது இடத்தில் அணியக் கூடாது என்பதே அது. குறி ஹிஜாப்தான் என்று எதிர்ப்பு கிளம்பியது.

சோமாலி வம்சாவளியைச் சேர்ந்த நார்வே மாடல் ரவ்தா முகமது, 'என் ஹிஜாபில் கை வைக்காதே' என்று உள்ளங்கையில் ஆங்கிலத்தில் எழுதி இன்ஸ்டாகிராமில் படம் போட்டார். அதுவே ஹேஷ்டேக் ஆனது. பல நாட்டு இளம்பெண்களும் அதேபோல செல்ஃபி போட்டார்கள். பாலுறவுக்குச் சம்மதம் சொல்ல 15 வயசு போதும், தலையை மூட 18 ஆகணுமா என்ற கேள்வியும் வைரல் ஆனது.

ஆனால், கீழவையான தேசிய சபை அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. ஆகஸ்ட் 24-ல் சட்டம் வெளியானபோது அந்தப் பிரிவே அதில் இல்லை!

அப்போ, எங்கெல்லாம் தடை?

- தெரு, கடை, பஸ்: ஹிஜாப் போடலாம். முகத்தை மூடும் நிகாப், புர்காவுக்கு மட்டும் 2011 ஏப்ரல் முதல் தடை. மீறினால் 150 யூரோ வரை அபராதம்.
- அரசுப் பள்ளி: 2004 சட்டப்படி கூடாது. பெரிய சிலுவை, யூதர்களின் தொப்பி, சீக்கியர்களின் தலைப்பாகைக்கும் இதே விதிதான். 2023-ல் அபாயா எனும் நீள அங்கியும் தடை செய்யப்பட்டது.
- பல்கலைக்கழகம்: மாணவிகள் போடலாம்.
- அரசு வேலை: பணி நேரத்தில் கூடாது.
- கால்பந்து: தேசியக் கால்பந்துச் சம்மேளனத்தின் போட்டிகளில் கூடாது.

அதாவது, அரசுப் பள்ளியில் படிக்கும் 17 வயசுப் பெண் தெருவில் ஹிஜாபோடு நடக்கலாம். பள்ளி வாசலில் கழற்றணும். மாலையில் கால்பந்துப் போட்டி இருந்தால் அங்கேயும் கழற்றணும்.

ஏன் இந்த விதிகள்?

'லைசிதே' எனும் மதச்சார்பின்மைக் கொள்கைதான் காரணம். இதற்கு அடித்தளம் 1905-ல் வந்த சட்டம். பள்ளி பொதுவான இடம், குடும்பத்தின் வற்புறுத்தலில் இருந்து சிறுமிகளைக் காக்கணும் என்கிறார்கள் ஆதரவாளர்கள். நடுநிலை காக்க வேண்டியது அரசுதான், மக்கள் அல்ல. போடச் சொல்வதும் கழற்றச் சொல்வதும் ஒரே மாதிரி கட்டாயம்தான் என்கிறது எதிர்த்தரப்பு.

சோஷியல் மீடியா எந்தப் பக்கமும் திரும்பும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஓட்டப் பயிற்சிக்கான ஹிஜாபை பிரான்ஸில் விற்கும் திட்டத்தை, கடும் எதிர்ப்பு காரணமாக 2019-ல் டெகாத்லான் நிறுவனம் கைவிட்டது.

மைதானத்துக்கு வந்த சண்டை

2014-லேயே தலை மறைப்புக்கு ஃபிஃபா அனுமதி தந்துவிட்டது. ஆனால் பிரான்ஸில் தடை தொடர்ந்தது. 'லே ஹிஜாபூஸ்' என்ற இளம் வீராங்கனைகளின் குழு நீதிமன்றம் போனது. தடை செல்லும் என்று 2023 ஜூன் 29-ல் உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, மொராக்கோவின் நுஹைலா பென்சினா மகளிர் உலகக் கோப்பையில் ஹிஜாபோடு ஆடிய முதல் வீராங்கனை ஆனார்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸிலும் இதே கதைதான். தொடக்க விழாவுக்குத் தலைத்துணியோடு வர முடியாது என்று பிரான்ஸ் ஓட்ட வீராங்கனை சூங்காம்பா சில்லா இன்ஸ்டாகிராமில் சொன்னார். கடைசியில் தொப்பி அணிந்து கலந்துகொண்டார். நிறைவு விழாவிலோ, நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் ஹிஜாபோடு மாரத்தான் தங்கத்தை வாங்கினார். தடை பிரான்ஸ் அணிக்கு மட்டும்தான்!

அடுத்து என்ன?

எல்லா விளையாட்டுப் போட்டிகளிலும் மத அடையாளங்களைத் தடை செய்யும் மசோதாவை 2025 பிப்ரவரியில் செனட் நிறைவேற்றியது. ஆனால் 2021 போலத்தான், செனட் ஓகே சொன்னால் மட்டும் சட்டம் ஆகிவிடாது. தேசிய சபைக்கும் போகணும். அதனால 'பிரான்ஸில் ஹிஜாப் தடை' என்று அடுத்த போஸ்ட் வந்தால், ஷேர் பண்ணும் முன் ரெண்டு விஷயம் பாருங்க: எந்த இடத்தில் தடை? மசோதாவா, சட்டமா?