இரட்டைத் தட்டும் பாகப் பிரிவினையும்

கூட்டுக் குடும்பம் பாகம் பிரியும் நாளில் பண்டம் பாத்திரமெல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். யார் யாரிடம் என்ன இருந்தது என்பது ஊருக்கு அன்றுதான் தெரியும். 1968 நவம்பர் 22-ஆம் தேதி லண்டனில் வெளியான 'தி பீட்டில்ஸ்' என்னும் இரட்டை இசைத்தட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த முற்றம்தான் நினைவுக்கு வருகிறது. இரண்டு தட்டுகளில் முப்பது உருப்படிகள்!

அவற்றில் பல பிறந்தது நம் நாட்டில். 1967 ஆகஸ்டில் அவர்களுடைய நிர்வாகி பிரையன் எப்ஸ்டீன் இறந்தார். வீட்டில் பெரியவர் போன மாதிரி ஆயிற்று. அடுத்த பிப்ரவரியில் லெனன், மக்கார்ட்னி, ஹாரிசன், ஸ்டார் நால்வரும் ரிஷிகேசத்தில் மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்கு வந்தார்கள். தியானம் பழக வந்தவர்கள் பாட்டுக் கட்டினார்கள். டோனவன் என்ற பாடகர் விரலால் கித்தார் மீட்டும் ஒரு முறையை லெனனுக்குச் சொல்லிக் கொடுத்தார். தியானத்தில் மூழ்கி அறையை விட்டு வெளியே வராத ப்ரூடன்ஸ் பாரோவை அழைப்பதே ஒரு பாட்டாயிற்று. ஸ்டார் பத்து நாளில் ஊர் திரும்பினார். லெனனும் ஹாரிசனும் ஏப்ரலில் மனக்கசப்போடு கிளம்பினார்கள். யோகியைக் கடிந்து லெனன் எழுதிய பாட்டில், ஹாரிசன் வற்புறுத்தியதன் பேரில், பெயரை மட்டும் மாற்றினார்கள்.

நான் இருக்கும் சுங்குவார்சத்திரத்துக்குப் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஓர் அறையில் நாலைந்து பேராகத் தங்குகிறார்கள். ஷிப்டு மாறுவதால் ஒருவன் எழும்போது மற்றவன் படுக்கிறான். ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது அபூர்வம். லண்டன் ஸ்டூடியோவிலும் அந்த ஆண்டு அதுதான் நடந்தது. மே 30 முதல் அக்டோபர் வரை ஒலிப்பதிவு. ஆளுக்கொரு அறையில் தத்தம் பாட்டைப் பதிந்துகொண்ட நாட்களும் உண்டு. ஜூலையில் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் சச்சரவு பொறுக்காமல் விலகினார். ஆகஸ்டில் ஸ்டாரே வெளியேறினார். அவர் திரும்பி வந்தபோது டிரம்ஸை மலர்களால் அலங்கரித்து வைத்திருந்தார்கள். செப்டம்பரில் ஹாரிசன் தம் பாட்டுக்கு எரிக் கிளாப்டனை அழைத்து வந்தார். விருந்தாளி முன்னால் வீட்டார் அடங்கித்தானே இருப்பார்கள்!

நல்லவற்றைப் பொறுக்கி ஒரே தட்டாக வெளியிடலாம் என்பது தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் கருத்து. பத்திரிகைக்குப் பக்கம் போதாதென்று என் கதைகளை நானே வெட்டிப் பழகியவன். ஆகவே அவர் சொன்னது எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒப்ப மனம் வரவில்லை. பொறுக்கி எடுத்த பதினைந்து பாட்டு, நால்வரும் ஒருமனதாக இருந்தார்கள் என்று பொய் சொல்லியிருக்கும். சறுக்கியவையும் கூட இருப்பதால்தான் ஒவ்வொருவரும் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தார் என்பது காதில் விழுகிறது.

ரிச்சர்ட் ஹாமில்டன் அமைத்த உறையில் படம் கிடையாது. வெறும் வெள்ளை, அதில் பெயர், ஒரு வரிசை எண். 1970-இல் அவர்கள் பிரிந்த செய்தி வந்தபோது உலகம் திடுக்கிட்டது. இந்த நான்கு பக்கங்களையும் பொறுமையாகக் கேட்டவர்கள் மட்டும் அவ்வளவாகத் திடுக்கிட்டிருக்க மாட்டார்கள்.